லிப் என்று தொடங்காத லைப்ரரியோடு நான்கு இரவுகள்

நேற்றுக் காலை எட்டே காலுக்கு மாமாவின் நிட்டிங் யூனிட்டில் கரண்ட் போய், பத்து நிமிடத்தில் திரும்பி வந்தது. ராஸ்பெர்ரி பை என்ற கையளவுக் கம்ப்யூட்டர் தானாக எழுந்தது, தராசோடு தானாகப் பேசத் தொடங்கியது, முதல் துணி ரோலைத் தூக்கி வைத்ததும் 22.640 என்று திரையில் விழுந்தது. யாரும் கீபோர்டைத் தொடவில்லை. மாமா ஃபோனில் அந்தத் திரையைப் படமெடுத்து அனுப்பினார். அந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

வேலை இத்தனை நாள் இழுத்ததற்குத் தராசு காரணமில்லை, சி மொழியும் காரணமில்லை. ஒரு லைப்ரரி ஃபைலின் பெயர்தான் காரணம். லைப்ரரி என்றால் மற்றப் புரோகிராம்கள் கூப்பிட்டுக்கொள்ளும் ஃபங்ஷன்கள் அடங்கிய ஃபைல்; லினக்ஸில் அதன் பெயர் வழக்கமாக லிப் என்று தொடங்கும், டாட் எஸ்ஓ என்று வரும். அதே மாதிரி பெயரோடு ஒரு ஃபைல் கையில் வந்து மாட்டியவர்களுக்கு இது ஒரு இரவையாவது மிச்சம் பிடிக்கும்.

ஃபைல் பெயர்களையும் கட்டளைகளையும் வாயால் சொல்வதுபோலவே எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அடிக்கும்போது ஆங்கில எழுத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கம்பைல் கட்டளையில் இரண்டு எல் வரும். கேப்பிடல் எல் என்றால் லைப்ரரியைத் தேட வேண்டிய ஃபோல்டர்; ஸ்மால் எல் என்றால் லைப்ரரியின் பெயர்.

மாமா என்பவர் அக்காவின் வீட்டுக்காரர். திருப்பூரில் ஆறு மெஷின் போட்டு ஜாப் ஒர்க்காக நிட்டிங் ஓட்டுகிறார். பார்ட்டி நூலை எடை போட்டுக் கொடுப்பார்கள், இவர் துணியை எடை போட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும். நடுவில் எவ்வளவு வேஸ்டேஜ் என்பதில்தான் எல்லாப் பேச்சும். எடையை ஒரு பையன் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தான். 22.64 என்பது 26.24 ஆகிவிட்ட ஒரு வரியால் பார்ட்டியோடு ஒரு வாரம் பேச்சுவார்த்தை நடந்தது. தராசிலிருந்து எடை நேராகக் கம்ப்யூட்டருக்குப் போனால் போதும் என்று என்னிடம் கேட்டார்.

தராசு சீரியல் போர்ட் உள்ளதாக இருந்திருந்தால் அரை மணி நேர வேலை. பெரும்பாலான எடைப் பெட்டிகள் எடையைச் சாதாரண எழுத்தாகவே அந்த ஒயரில் தள்ளிவிடும். இந்தப் பெட்டியில் யூஎஸ்பி மட்டும்தான். அதற்குள் ஓடும் பேச்சு அந்தக் கம்பெனியின் லைப்ரரிக்கு மட்டுமே புரியும். கேட்டதும் ஒரு ஜிப் அனுப்பினார்கள். உள்ளே ஆறு பக்கப் பிடிஎஃப் ஒன்று, லைப்ரரியில் உள்ள ஃபங்ஷன்களைப் பட்டியலிடும் ஒரு ஹெடர் ஃபைல், அப்புறம் இது:

ஸ்கேல்ஏபிஐ_ஆர்ம்.எஸ்ஓ.2பி

முன்னால் லிப் இல்லை. முதல் எழுத்து கேப்பிடல். நடுவில் அடிக்கோடு. கடைசியில் எஸ்ஓ-வுக்குப் பின்னால் 2பி என்று ஒரு வால். இனிமேல் இதை 2பி ஃபைல் என்றே சொல்கிறேன்.

என்னிடம் இருந்தவை: 2 ஜிபி ராஸ்பெர்ரி பை 4 ஒன்று (பழைய வேலையில் மிஞ்சியது), 32 ஜிபி கார்டு (450 ரூபாய்), உபுண்டு போட்ட லேப்டாப். சி கம்பைலரான ஜிசிசி உட்பட மற்ற ஆயுதங்கள் எல்லாம் லினக்ஸில் இலவசமாகக் கிடைப்பவை.

முதல் இரவு: கார்டை மூன்று முறை எழுதினேன்

புதியதுதானே நல்லது என்று பையில் 64 பிட் சிஸ்டத்தைப் போட்டேன். ஒரு பத்து வரி சி புரோகிராம், தராசைத் திறந்து ஒரு எடையைப் படித்து மூடுவதற்கு. 2பி ஃபைலை எஸ்டிகே என்ற ஃபோல்டரில் வைத்து, ஜிசிசிக்கு அதன் பாதையை நேராகக் கொடுத்தேன். ஃபைலின் வடிவம் தவறு என்று, புரோகிராமையும் லைப்ரரியையும் இணைக்கும் லிங்க்கர் திருப்பி அனுப்பியது.

ஜிப் உடைந்துவிட்டதோ என்று மறுபடி டவுன்லோட் செய்தேன். அதுவும் அதே பிழை. அதற்குப் பிறகுதான் ‘ஃபைல்’ என்ற கட்டளை நினைவுக்கு வந்தது. அதன் பதிலில் முதல் சொல்லே எல்ஃப் (லினக்ஸ் புரோகிராம் ஃபைலின் வடிவம்) 32 பிட் என்று இருந்தது. 64 பிட் புரோகிராமில் 32 பிட் லைப்ரரி ஒட்டாது.

32 பிட் சிஸ்டத்தை எழுதினேன், இருபத்தைந்து நிமிடம். பூட் ஆனதும் உறுதிசெய்ய ‘யூநேம் மைனஸ் எம்’ அடித்தால் ஏஆர்ச்64, அதாவது 64 பிட், என்கிறது! தவறான இமேஜை எழுதிவிட்டேன் என்று நினைத்து அதே கார்டை மூன்றாம் முறையும் எழுதினேன். அப்போதும் ஏஆர்ச்64. பை 4-இல் இப்போதைய 32 பிட் சிஸ்டம்கூட 64 பிட் கெர்னலோடுதான் (சிஸ்டத்தின் அடித்தளம்) பூட் ஆகிறது, யூநேம் சொல்வது கெர்னலைப் பற்றித்தான். மேலே ஓடும் புரோகிராம்கள் எத்தனை பிட் என்று அறிய ‘கெட்கான்ஃப் லாங்_பிட்’ அடிக்க வேண்டும். அது 32 என்றது. ‘டிபேக்கேஜ் பிரிண்ட் ஆர்க்கிடெக்சர்’ ஆர்ம்எச்எஃப், அதாவது 32 பிட், என்றது. மணி ஒன்றேகால் ஆகிவிட்டது.

படுக்கும் முன் ஒரு நல்ல காரியம் செய்தேன். ‘என்எம் மைனஸ் டி’, இங்கே டி கேப்பிடல், கொடுத்து லைப்ரரி வெளியே காட்டும் பெயர்களைப் பார்த்தேன். ஹெடரில் இருந்த பதினொரு ஃபங்ஷனும் அதே எழுத்தில், பக்கத்தில், ஃபங்ஷன் உள்ளே இருக்கிறது என்று சொல்லும் டீ என்ற அடையாளத்தோடு இருந்தன. சி++ கம்பைலர் முன்னும் பின்னும் எழுத்துகளைச் சேர்த்து உருமாற்றிய பெயர்கள் எதுவும் இல்லை. ஆக, ஃபைலுக்குள் சரக்கு சரியாக இருக்கிறது.

இரண்டாம் இரவு: ஸ்மால் எல் ஏன் கண்டுபிடிக்கவில்லை

கேப்பிடல் எல்லுக்கு எஸ்டிகே ஃபோல்டர், ஸ்மால் எல்லுக்கு ஸ்கேல்ஏபிஐ_ஆர்ம். கிடைக்கவில்லை என்றது. டாட் எஸ்ஓ சேர்த்துக் கொடுத்தேன். கிடைக்கவில்லை. முழுப்பெயரும் கொடுத்தேன். கிடைக்கவில்லை.

ஸ்மால் எல் நாம் கொடுத்ததை அப்படியே தேடுவதில்லை. முன்னால் லிப் ஒட்டும், பின்னால் டாட் எஸ்ஓ ஒட்டும், அந்தப் பெயரைத் தேடும். அது இல்லாவிட்டால் டாட் ஏ ஒட்டித் தேடும். கணக்கு லைப்ரரிக்கு ஸ்மால் எல் எம் என்று வருடக்கணக்காகக் கொடுக்கிறோமே, அது லிப்எம்.எஸ்ஓ-வைத்தான் எடுக்கிறது. என் மூன்றாவது முயற்சியில் லிங்க்கர் தேடியது லிப்ஸ்கேல்ஏபிஐ_ஆர்ம்.எஸ்ஓ.2பி.எஸ்ஓ என்ற ஃபைலை. அப்படி ஒன்று உலகத்திலேயே இல்லை.

பெயரை மாற்றிவிடலாமே என்று தோன்றும். லிப் வைத்து ஒரு நகல் எடுத்தாலோ, லிப்ஸ்கேல்.எஸ்ஓ என்று ஒரு சிம்லிங்க் (அந்த ஃபைலையே காட்டும் இன்னொரு பெயர்) போட்டாலோ ஸ்மால் எல் ஸ்கேல் என்று அழகாக லிங்க் ஆகும். நான் செய்யாததற்குக் காரணம் அந்த 2பி. எந்தப் பதிப்பு என்பதற்கு ஃபைல் பெயரைத் தவிர வேறு எந்த அடையாளமும் இல்லை. பெயரை மாற்றி வைத்தால் ஆறு மாதம் கழித்து அது 2ஏ-வா 2பி-யா என்று எனக்கே தெரியாது. கம்பெனிக்காரர் ஃபோனில் முதலில் கேட்பதும் அந்த எழுத்தைத்தான்.

ஆகவே முதல் இரவு செய்ததையே செய்தேன். ஸ்மால் எல் வேண்டாம், சி ஃபைலுக்குப் பக்கத்தில் எஸ்டிகே/2பி என்று பாதையை நேராகக் கொடுத்தேன். ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் லிங்க் ஆனது. ஓட்டினேன். தராசுத் தட்டில் இருந்த அரிசி டப்பா 4.310 என்று வந்தது. முப்பது முறை எடுத்து வைத்து, எடுத்து வைத்துப் பார்த்தேன், முப்பதும் சரி. லினக்ஸில் புரோகிராம்களைத் தானாகத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டி-க்கு ஒரு சர்வீஸ் ஃபைல் எழுதி, பூட் ஆனதும் ஓட வைத்துவிட்டுத் தூங்கினேன். சர்வீஸாக ஓடுகிறதா என்று ஒருமுறை ரீபூட் செய்து பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அடுத்த பத்தி இருந்திருக்காது.

யூனிட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

ஞாயிறு மெஷின் ஓடாது, அன்றைக்கே மாட்டிவிடலாம் என்று கோவையிலிருந்து பஸ் ஏறிப் போனேன். தராசைச் சேர்த்து பையை ஆன் செய்தால் திரை வெறுமையாக நிற்கிறது.

“ஏ மாப்ள, ராத்திரி ஊட்ல ஓடுனது இங்க வந்தா ஓடாதா?” என்றார் மாமா.

“ஒரு பத்து நிமிஷம் குடுங்க மாமா” என்றேன். ஐந்து மணி நேரம் ஆனது.

பஞ்சுத் தூசி, பழைய ஒயர், அருகில் ஓடும் கம்ப்ரஸர் என்று எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன். புது யூஎஸ்பி கேபிள் வாங்கினேன், 180 ரூபாய். அதை மாட்டியும் அதே வெறுமை. பிறகு டெர்மினலைத் திறந்து என் ஃபோல்டருக்குள் போய்க் கையால் ஓட்டினால், எடை வருகிறது! கையால் ஓட்டினால் வருகிறது, சர்வீஸாக ஓடினால் வரவில்லை. கேபிளில் ஒன்றும் இல்லை என்று அப்போது தெரிந்தது.

சிஸ்டம்டி எழுதும் பதிவேடான ஜர்னலில் பார்த்தால் புரோகிராம் 127 என்ற எண்ணோடு செத்திருக்கிறது. அதற்கு முந்தைய வரியில், எஸ்டிகே/ஸ்கேல்ஏபிஐ_ஆர்ம்.எஸ்ஓ.2பி என்ற ஷேர்டு ஆப்ஜெக்டைத் திறக்க முடியவில்லை, அப்படி ஒரு ஃபைல் இல்லை என்று இருந்தது. மெயின் ஃபங்ஷனுக்குள் கால் வைப்பதற்கு முன்பே, ஓடும்போது லைப்ரரிகளை ஏற்றும் லோடர் நிறுத்திவிட்டது.

எங்கே தேட வேண்டும் என்று லோடருக்குச் சொன்னால் போதும் என்று நினைத்தேன். சர்வீஸ் ஃபைலில் எல்டி_லைப்ரரி_பாத் என்ற சூழல் மாறியில் எஸ்டிகே ஃபோல்டரின் முழுப்பாதையைப் போட்டேன். பலன் இல்லை. எழுத்துப்பிழையோ என்று நான்கு முறை சரிபார்த்தேன். பிறகு எல்டி_டீபக் என்பதற்கு லிப்ஸ் என்று மதிப்பு கொடுத்து, ரூட் ஃபோல்டரிலிருந்து ஓட்டினேன். லோடர் எந்த லைப்ரரியை எங்கெங்கே தேடுகிறது என்பதை அது வரி வரியாகக் கொட்டும். 2பி-க்கு ஒரு வரிகூட இல்லை. லோடர் அதைத் தேடவே இல்லை.

இந்த இடத்தில்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது. எல்ஃப் ஃபைலின் உள் விவரங்களைக் காட்டும் ‘ரீட்எல்ஃப் மைனஸ் டி’, இங்கே டி ஸ்மால், என்று என் புரோகிராமையே கேட்டேன். நீடட், அதாவது ஓடத் தேவையான லைப்ரரி, என்று இரண்டு வரிகள். ஒன்று சி மொழியின் அடிப்படை லைப்ரரியான லிப்சி.எஸ்ஓ.6. மற்றது எஸ்டிகே, ஒரு சாய்கோடு, அப்புறம் 2பி-யின் பெயர். லிங்க் செய்தபோது நான் அடித்த பாதை, சாய்கோடு உட்பட, அப்படியே புரோகிராமுக்குள் பதிந்துவிட்டிருக்கிறது.

அடுத்து 2பி ஃபைலையும் அதே கட்டளையால் கேட்டேன். முறையாகக் கட்டிய லைப்ரரிக்குள் சோநேம் என்று ஒரு வரி இருக்கும், அதுதான் லைப்ரரி தனக்குத்தானே வைத்துக்கொண்ட பெயர். அது இருந்தால் லிங்க்கர் அதைத்தான் புரோகிராமுக்குள் எழுதும், நாம் எந்தப் பாதையில் கொடுத்தோம் என்று பார்க்காது. 2பி-க்குள் அந்த வரியே இல்லை. தனக்கென்று பெயர் இல்லாததால், நான் கூப்பிட்ட பெயரே அதன் பெயராகிவிட்டது.

நீடட் வரியில் சாய்கோடு இருந்தால் லோடர் அதை ஒரு பாதையாகவே எடுத்துக்கொள்கிறது. எந்தப் பட்டியலிலும் தேடாது. எல்டி_லைப்ரரி_பாத்தும் அங்கே செல்லாது. நான் நிற்கும் ஃபோல்டரிலிருந்து எஸ்டிகே என்று பார்க்கும், அவ்வளவுதான். வீட்டில் நான் எப்போதும் என் ஃபோல்டருக்குள் நின்றே ஓட்டினேன், கிடைத்தது. சிஸ்டம்டி சர்வீஸ் வேறொன்றும் சொல்லாவிட்டால் ரூட் ஃபோல்டரில் நின்று ஓடும். அங்கே எஸ்டிகே ஏது?

சர்வீஸ் ஃபைலில் ஒர்க்கிங் டைரக்டரி என்று ஒரு வரி சேர்த்து அன்றைக்கு ஓட்டிவிட்டு வந்தேன். ஓடியது. ஆனால் எங்கிருந்து ஓட்டுகிறோம் என்பதைப் பொறுத்துப் பிழைக்கும் புரோகிராமை இன்னொருவர் இடத்தில் விட்டுவைக்க மனம் ஒப்பவில்லை. மாமா சோறு சாப்பிட்டுப் போகச் சொன்னார். சாப்பிட்டுவிட்டு, பஸ்ஸில் வரும்போதெல்லாம் அந்தச் சாய்கோடுதான் கண்ணில் நின்றது.

மூன்றாம் இரவு: கோலன், பிறகு டாலர்

லிங்க்கரின் கையேட்டுப் பக்கத்தை ஸ்மால் எல் இருக்கும் இடத்தில் இந்த முறை முழுதாகப் படித்தேன். இத்தனை வருடத்தில் நான் தாண்டிப்போன ஒரு வாக்கியம் அங்கே இருக்கிறது: ஸ்மால் எல்லுக்குப் பின் ஒரு கோலன் வைத்தால், அதற்குப் பின் வரும் பெயரை எதையும் ஒட்டாமல், வெட்டாமல், கேப்பிடல் எல் ஃபோல்டர்களில் அப்படியே தேடும்.

ஜிசிசி, எடை.சி, மைனஸ் ஓ எடை, மைனஸ் கேப்பிடல் எல் எஸ்டிகே, மைனஸ் ஸ்மால் எல் கோலன் ஸ்கேல்ஏபிஐ_ஆர்ம்.எஸ்ஓ.2பி

லிங்க் ஆனது. ரீட்எல்ஃபில் பார்த்தால் நீடட் வரியில் வெறும் பெயர் மட்டும், சாய்கோடு இல்லை. ஃபைல் அதுதான், கேட்ட விதம்தான் வேறு. லைப்ரரியைச் சி ஃபைலுக்குப் பின்னால்தான் எழுத வேண்டும். பையில் முன்னால் எழுதியும் ஓடியது, ஆனால் லேப்டாப் உபுண்டுவில் தேவைப்படாத லைப்ரரியை விட்டுவிடும் வழக்கம் இயல்பாகவே இருப்பதால், முன்னால் எழுதினால் ஃபங்ஷன்களைக் காணோம் என்று நிற்கும்.

இப்போது பெயர் சுத்தம், இனி லோடருக்கு இடத்தைச் சொன்னால் போதும். இங்கே இன்னொரு தவறான திருப்பம், முக்கால் மணி நேரம் தின்றது. எஸ்டிகே ஃபோல்டரின் பாதையை ஈடிசி-யில் எல்டி.எஸ்ஓ.கான்ஃப்.டி-க்குள் ஒரு ஃபைலாக எழுதி, லோடர் பார்க்கும் லைப்ரரிப் பட்டியலைப் புதுப்பிக்கும் எல்டிகான்ஃபிக்கை சூடோ போட்டு ஓட்டினேன். பிழை எதுவும் சொல்லவில்லை. புரோகிராமை ஓட்டினால் பழைய பாட்டு, ஃபைல் இல்லை. எல்டிகான்ஃபிக் மைனஸ் பி கொடுத்துப் பட்டியலைப் பார்த்தேன். நூற்றுக்கணக்கான லைப்ரரிகள், 2பி மட்டும் இல்லை.

எல்டிகான்ஃபிக் லிப் என்று தொடங்கும் பெயர்களையும், லோடருக்கே உரிய எல்டி என்று தொடங்கும் பெயர்களையும் மட்டும்தான் பட்டியலில் சேர்க்கும். மற்றவற்றைச் சத்தமில்லாமல் தாண்டிவிடும். கான்ஃப் ஃபைலில் எழுதிய ஃபோல்டரை லோடர் நேரில் போய்ப் பார்ப்பதும் இல்லை. அந்தப் பட்டியலைத்தான் பார்க்கிறது. ஒரு வார்த்தை எச்சரித்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

லிப் இல்லாமல் பெயர் வைப்பது அப்படியொன்றும் அபூர்வம் இல்லை. லாகின் சரிபார்க்கும் பேம்_யூனிக்ஸ்.எஸ்ஓ, அப்பாச்சியின் மாட்_எஸ்எஸ்எல்.எஸ்ஓ எல்லாம் அப்படித்தான். அவை லிங்க் செய்வதற்காக வைத்தவை அல்ல. புரோகிராம் ஓடும்போது டிஎல்ஓப்பன் வழியாகப் பாதை சொல்லி ஏற்றிக்கொள்ளும் மாட்யூல்கள், அவற்றுக்கு லிப்பும் வேண்டாம், சோநேமும் வேண்டாம். இந்தத் தராசு லைப்ரரியும் அப்படி ஏதோ ஒரு பெரிய புரோகிராமின் மாட்யூலாகப் பிறந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். நானும் டிஎல்ஓப்பனில் போகலாமா என்று யோசித்தேன். பதினொரு ஃபங்ஷனுக்கும் பாயின்டர் எழுதி, ஒவ்வொன்றையும் டிஎல்சிம் வைத்துத் தேடிப் பொருத்த வேண்டும். ஹெடரை அப்படியே பயன்படுத்தும் வசதி போய்விடும். வேண்டாம் என்று விட்டேன்.

மிஞ்சியது ஆர்பாத். லைப்ரரியை எங்கே தேடுவது என்பதைப் புரோகிராமுக்குள்ளேயே எழுதி வைப்பது. டாலர் ஒரிஜின் என்று எழுதினால், புரோகிராம் எந்த ஃபோல்டரில் இருக்கிறதோ அந்த ஃபோல்டர் என்று லோடர் புரிந்துகொள்ளும். டாலர் ஒரிஜின் சாய்கோடு எஸ்டிகே என்று கொடுத்துவிட்டால் மொத்த ஃபோல்டரையும் எங்கே தூக்கிப் போட்டாலும் ஓடும்.

கம்பைல் கட்டளைகளை எழுதி வைக்கும் மேக்ஃபைலில் எழுதி, மேக் அடித்து, ஓட்டினேன். ஃபைல் இல்லை! ரீட்எல்ஃபைக் கேட்டேன். ரன்பாத் வரி இருந்தது, அதற்குள் இருந்த பாதை: ரிஜின்/எஸ்டிகே.

முதல் எழுத்து ஓ-வைக் காணோம். சிறிது நேரம் அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேக்ஃபைலில் டாலருக்குப் பின் வரும் ஒற்றை எழுத்து ஒரு மாறியின் பெயர். டாலர் ஓ என்று ஒரு மாறி என்னிடம் இல்லை, ஆகவே அந்த இடம் காலியாகி, மிச்சம் மட்டும் லிங்க்கருக்குப் போயிருக்கிறது. மேக்ஃபைலுக்குள் இரண்டு டாலர் வைக்க வேண்டும், அப்போதுதான் ஒன்று மிஞ்சி, கட்டளைகளை ஓட்டும் ஷெல்லுக்குப் போகும். அந்த ஒன்றை ஷெல் தின்றுவிடாமல் இருக்க ஒற்றை மேற்கோளுக்குள் வைக்க வேண்டும். மேற்கோளை விட்டுவிட்டால் ஒரிஜின் என்ற சொல் முழுவதுமே மறைந்து வெறும் சாய்கோடு எஸ்டிகே நிற்கும். அதையும் ஒருமுறை செய்து பார்த்துவிட்டேன்.

இரண்டு டாலர், ஒற்றை மேற்கோள். ரூட் ஃபோல்டரிலிருந்து ஓட்டினேன், வந்தது. டெம்ப் ஃபோல்டருக்கு எல்லாவற்றையும் நகலெடுத்து ஓட்டினேன், வந்தது. சர்வீஸ் ஃபைலில் போட்டிருந்த எல்டி_லைப்ரரி_பாத், ஒர்க்கிங் டைரக்டரி இரண்டையும் நீக்கி மூன்று முறை ரீபூட் செய்தேன். மூன்றிலும் எடை வந்தது. அடுத்த நாள் மாமாவிடம் கொடுத்தனுப்பினேன், இரண்டு மாதம் எந்தச் சத்தமும் இல்லை.

நான்காம் இரவு: நான் அடிக்காத ஒரு பெயர்

போன வாரம் தராசுக் கம்பெனி புதிய பதிப்பு அனுப்பியது. எடை நிலைக்கும் முன்பே எண்ணைக் கொடுத்துவிடும் ஒரு கோளாறு அதில் சரியாகியிருந்தது, எங்களுக்கு வேண்டியதுதான். பெயர் அதே மாதிரி, வால் மட்டும் 2சி. ஹெடர்களை டிஃப் போட்டு ஒப்பிட்டேன். ஒரு ஃபங்ஷன் புதிதாகச் சேர்ந்திருந்தது, பழையவை எதுவும் மாறவில்லை. மேக்ஃபைலில் பி-யை சி-யாக்கி மேக் அடித்தேன், சுத்தமாக லிங்க் ஆனது.

ஓட்டினால், லிப்ஸ்கேல்.எஸ்ஓ.1 என்ற ஃபைல் இல்லை என்றது.

அந்தப் பெயரை நான் எங்குமே அடிக்கவில்லை. மேக்ஃபைலில் தேடினேன், சி ஃபைலில் தேடினேன், ஹெடரில் தேடினேன், இல்லை. எஸ்டிகே ஃபோல்டரில் 2சி பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது, லோடரோ வேறு யாரையோ கேட்கிறது. இந்த முறை நான் கேபிளைச் சந்தேகப்படவில்லை, நேராக 2சி ஃபைலை ரீட்எல்ஃப் செய்தேன். சோநேம்: லிப்ஸ்கேல்.எஸ்ஓ.1.

கம்பெனிக்காரர்கள் இந்த முறை லைப்ரரிக்குள் முறையாக ஒரு பெயர் எழுதியிருக்கிறார்கள், ஆனால் ஃபைலின் வெளிப்பெயரை மாற்றாமல் பழைய மாதிரியே அனுப்பிவிட்டார்கள். லிங்க்கர் என் கோலனை மதித்து 2சி-யைக் கண்டுபிடித்தது. கண்டுபிடித்த பிறகு அதற்குள் இருந்த பெயரைத்தான் புரோகிராமில் எழுதியது. ஃபைலைக் கண்டுபிடிக்க ஒரு பெயர், ஃபைல் தன்னைச் சொல்லிக்கொள்ளும் பெயர் ஒன்று, புரோகிராம் நினைவில் வைத்துக்கொள்ளும் பெயர் ஒன்று. 2பி-யில் சாய்கோட்டால் பட்டது, 2சி-யில் இதனால்.

தீர்வு ஒரு வரி. எஸ்டிகே ஃபோல்டருக்குள் லிப்ஸ்கேல்.எஸ்ஓ.1 என்ற பெயரில் 2சி-யைக் காட்டும் சிம்லிங்க். பேட்ச்எல்ஃப் என்ற கருவியால் ஃபைலுக்குள் இருக்கும் சோநேமையே மாற்றவும் முடியும், ஏபிடி-யில் கிடைக்கிறது, சின்னதுதான். ஆனால் கம்பெனி கொடுத்த ஃபைலின் உள்ளே கை வைத்தால், நாளைக்கு ஒரு கோளாறு என்று அவர்களிடம் போகும்போது என் ஃபைலும் அவர்கள் ஃபைலும் ஒன்றல்ல என்று ஆகிவிடும். சிம்லிங்க் அந்தத் தொல்லை இல்லாதது.

இதில் ஒரு நன்மையும் வந்தது. இப்போது என் புரோகிராமுக்குள் 2சி என்ற எழுத்தே இல்லை. அடுத்து 2டி வந்து, அதன் உள்பெயரும் லிப்ஸ்கேல்.எஸ்ஓ.1 ஆகவே இருந்தால், ஹெடரை டிஃப் போட்டுப் பார்த்துவிட்டு சிம்லிங்க்கைத் திருப்பினால் போதும். மறுபடி கம்பைல் செய்ய வேண்டியதில்லை.

செலவும் நேரமும்

கார்டு 450, வீணான கேபிள் 180, மொத்தம் 630 ரூபாய். பஸ் செலவு தனி. நேரம் கூட்டிப்பார்த்தால் ஏறத்தாழ பதினைந்து மணி. அதில் தராசிலிருந்து எடையைப் படித்துக் கணக்கில் எழுதும் உண்மையான புரோகிராமுக்கு ஆனது நான்கு மணி நேரம்தான்.

அடுத்த முறை யாராவது ஒரு எஸ்ஓ ஃபைலைக் கையில் கொடுத்தால், ஒரு வரி சி எழுதும் முன்பே மூன்று கேள்வி கேட்பேன். ஃபைல் கட்டளை: எத்தனை பிட், எந்த ப்ராசஸர். ரீட்எல்ஃப்: சோநேம் இருக்கிறதா, இருந்தால் அது ஃபைலின் பெயர்தானா, இதற்கே வேறு லைப்ரரிகள் தேவையா. என்எம்: ஹெடரில் உள்ள பெயர்கள் உள்ளே இருக்கின்றனவா. மூன்றும் சேர்த்து ஒரு நிமிடம் ஆகாது.

சர்வீஸாக ஓட வேண்டியதை என் ஃபோல்டரில் நின்று ஓட்டிப் பார்த்துவிட்டு முடிந்தது என்று சொல்ல மாட்டேன். ரூட் ஃபோல்டரில் நின்று ஓட்டுவேன், ரீபூட் செய்வேன்.

மேக்ஃபைலிலும் ஒரு காவல் வைத்திருக்கிறேன். லிங்க் முடிந்ததும் அது தானாக ரீட்எல்ஃப் ஓட்டி நீடட் வரிகளை எடுக்கிறது. எதிலாவது சாய்கோடு இருந்தால் பில்டை நிறுத்திவிடுகிறது. ரன்பாத் வரி டாலரில் தொடங்காவிட்டாலும் நிறுத்துகிறது. நான்கே வரி. அதைச் சோதிக்க வேண்டுமென்றே ஒற்றை டாலர் போட்டு மேக் அடித்தேன். ரிஜின் என்று காட்டி நின்றது.

மாமா இப்போது நூல் வரும் பக்கத்துக்கும் ஒரு தராசு வேண்டும் என்கிறார். அதற்கான பை வந்துவிட்டது. இன்றிரவு கார்டை எழுத வேண்டும், 32 பிட், ஒரே முறை.